ஆய்வு உதவித்தொகை: வாங்குவதும் நழுவவிடாமல் வைத்திருப்பதும்

"மேலே படிக்கிறேன்னு சொல்றியே, மாசம் எவ்வளவு தருவாங்க?" எம்.ஏ.வோ எம்.எஸ்ஸி.யோ முடித்துவிட்டு பி.எச்டி. சேரப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் வீட்டில் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஐந்தாறு வருடம் சம்பளமில்லாமல் ஒருவர் படிக்க வேண்டுமானால் அந்தச் செலவை யாராவது ஏற்க வேண்டும். வசதியுள்ள வீட்டில் அப்பா ஏற்பார். மற்ற வீடுகளின் பிள்ளைகளும் ஆய்வுக்கு வர வேண்டும் என்றால் அரசு ஏற்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், ஒற்றை மகள்கள் என்று தனித்தனியாக உதவித்தொகைகள் இருப்பது அதனால்தான். இதில் யாரும் யாருக்கும் தருமம் செய்யவில்லை.

ஆனால் பணம் இருக்கிறது என்பதும் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது என்பதும் வேறு வேறு. கெட்டிக்கார மாணவர்கள் தகுதி இருந்தும் உதவித்தொகை இல்லாமல் ஆய்வை இழுத்துக்கொண்டு கிடப்பதைப் பல துறைகளில் பார்க்கலாம். விசாரித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

எந்தக் கதவு யாருக்கு

முதலில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. எந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் இதிலிருந்தே தொடங்குங்கள். தேசியத் தேர்வு முகமை வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடத்துகிறது. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள், மொத்தம் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் எழுதுங்கள். அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தனியாக இருக்கிறது. அதில் தவறான விடைக்கு மதிப்பெண் போகும், அங்கே இந்த யோசனை பொருந்தாது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மொழிப்பாடங்கள் தவிர மற்ற கேள்வித்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் இலக்கியம் எடுத்தவருக்கு இரண்டாம் தாள் தமிழில் இருக்கும்; ஆனால் முதல் தாளை அவரும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். வரலாற்றைத் தமிழில் படித்தவர் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாறும்வரை காத்திருக்க உங்களுக்கு வயது போதாது. பழைய கேள்வித்தாள்களை ஆங்கிலத்திலேயே போட்டுப் பழகுங்கள். முதல் தாளில் கேட்கப்படும் தரவு அட்டவணை, தர்க்கம், கணக்கு ஆகியவற்றுக்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. அங்கேதான் மதிப்பெண்ணைச் சேர்க்க வேண்டும்.

மிக மேலே வருகிறவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். 2023 ஜனவரி 1 முதல் இதன் தொகை முதல் இரண்டு வருடங்களுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலை ஆய்வாளராக உயர்த்தப்பட்டால் மாதம் 42,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர், பெண்கள் எல்லாருக்கும் 5 வருடத் தளர்வு உண்டு. விண்ணப்பத்தை நிரப்பும்போது ஒரு கட்டத்தில் கவனம் தேவை. 2024 ஜூன் சுற்றிலிருந்து ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பி.எச்டி. சேர்க்கை என்று மூன்று நிலைகள் வந்துவிட்டன. "நமக்கெங்கே ஜே.ஆர்.எஃப். கிடைக்கப் போகிறது" என்று நினைத்துக் கீழ்நிலையை மட்டும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தேர்வு எழுதும் முன்பே தன்னைத் தானே தோற்கடித்துக்கொள்வது இது. மேல்நிலையைக் கேட்டால் கீழ்நிலைகளுக்கும் உங்களைப் பார்ப்பார்கள்.

ஜே.ஆர்.எஃப். கைக்கு எட்டாமல் போனால் அடுத்த கதவு. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையில் வருடத்துக்கு 2,000 இடங்கள். 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது இதுதான். மூத்த ஆய்வாளர்கள் இன்னமும் ஆர்.ஜி.என்.எஃப். என்றே சொல்வார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 1,000 இடங்கள். இரண்டுக்குமே நெட் தேர்வின் தகுதிப் பட்டியல்தான் அடிப்படை. ஆக நெட் என்ற ஒரே தேர்வு இரண்டு கதவுகளைத் தட்டுகிறது. தொகையும் ஜே.ஆர்.எஃப். அளவேதான்.

பழங்குடியினருக்கான திட்டத்தில் 750 இடங்கள். பழங்குடியினர் நல அமைச்சகம் தன் இணையதளம் வழியாக நேரடியாக விண்ணப்பம் வாங்குகிறது. முதுகலை மதிப்பெண்தான் அளவுகோல், நெட் கட்டாயமில்லை. நீலகிரியிலும் கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் உள்ள கல்லூரி ஆசிரியர்கள் இதைத் தங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தச் சமூகங்களிலிருந்து முதுகலை முடிப்பவர்களுக்கும் இந்த வழி இப்போது திறந்திருக்கிறது.

சிறுபான்மையினருக்கென்று 2009இல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. மற்ற திட்டங்களிலேயே அவர்களும் வருகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லப்பட்டது. எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. ஏற்கெனவே நெரிசலான வரிசையில் போய் நில் என்பதுதான் அதன் பொருள். ஆனாலும் தமிழ்நாட்டு முஸ்லிம்களில் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் முதலியோர் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழை வாங்கி, பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகையில் உங்கள் இடத்தைக் கேளுங்கள்.

வீட்டுக்கு ஒரே மகளாகப் பிறந்தவர்களுக்கு சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) உதவித்தொகை தருகிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் இருக்கக்கூடாது. இரட்டையராகப் பிறந்த மகள்களை மட்டும் விதிவிலக்காக ஏற்கிறார்கள். வயது வரம்பு 40, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. ஜே.ஆர்.எஃப். வயதைத் தாண்டிவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாநில அரசின் பக்கம் இரண்டைச் சொல்லலாம். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை முழுநேர பி.எச்டி. மாணவர்களுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களும் இதில் உண்டு. வேறு உதவித்தொகை வாங்குகிறவருக்கு இது கிடையாது. இன்னொன்று முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை: ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி, மாதம் 25,000 ரூபாய். போட்டி தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் நெட்டைவிட நெருக்கமான இலக்கு.

இவை எதுவும் கிடைக்காதவருக்கு, மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், நெட் அல்லாத உதவித்தொகை என்று மாதம் 8,000 ரூபாய் உண்டு. புதுச்சேரியும் திருவாரூரும் நமக்குப் பக்கத்தில் இருப்பவை. 2015 அக்டோபரில் இதையும் நிறுத்தப் பார்த்தார்கள். டெல்லியில் யு.ஜி.சி. அலுவலக வாசலில் மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடித்தான் அது நிலைத்தது.

தேர்வுக்கு முன் தாலுகா ஆபீஸ்

அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழ் தேடுகிறவர் பாதி வாய்ப்பை அப்போதே இழக்கிறார். தமிழ்நாட்டில் நம் கையில் இருப்பது பி.சி., எம்.பி.சி. என்று போட்ட சாதிச் சான்றிதழ். மத்திய அரசுத் திட்டத்துக்கு அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் மனு போடலாம். பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வாங்கியதையே கேட்பார்கள். ஆகவே ஏப்ரல் பிறந்ததும் புதுச் சான்றிதழுக்கு மனு போடுவதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கிரீமி லேயருக்கான 8 லட்ச வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் "உங்க அப்பா சம்பளம் அதிகம்" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால் விதியை எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

கிறிஸ்தவ ஆதிதிராவிடர்கள் பலர் பழைய நினைவில் பட்டியல் சாதி உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுகிறார்கள். மத்திய அரசின் கணக்கில் நீங்கள் ஓ.பி.சி. அந்தப் பட்டியலில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாநில ஊக்கத்தொகையில் மட்டும் ஆதிதிராவிடர் வரிசையிலேயே வருவீர்கள்.

பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை நீளும். சில சமூகங்களுக்கு வருடக்கணக்கில் நீள்கிறது. முதுகலை முதலாண்டிலேயே மனு போட்டுவிடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பெயர் விஷயத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், வங்கிக் கணக்கில் இனிஷியலே விரிவாக அப்பா பெயராக. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை இது. உதவித்தொகை ஆதாருடன் இணைந்த கணக்குக்குத்தான் வரும். பெயர் பொருந்தாவிட்டால் பணம் பாதியில் நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் திருத்திக்கொள்வது நல்லது.

கைடு தேடும்போது

உதவித்தொகை எல்லாமே முழுநேரப் பதிவுக்குத்தான். "பார்ட் டைம் போட்டுக்கலாம், அப்புறம் மாத்திக்கலாம்" என்று யோசனை சொல்கிறவர்கள் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லக்கூடும். ஆனால் அந்த மாற்றம் நடப்பதற்குள் ஜே.ஆர்.எஃப். கடிதத்தின் காலம் முடிந்துவிடலாம். கடிதம் கிடைத்த தேதியிலிருந்து அது எதுவரை செல்லும் என்பதை அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்; அதை முதலில் பாருங்கள். பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவரின் நெட் மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும்.

2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும் இணைப் பேராசிரியர் 6 பேருக்கும் உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு 3 வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. எனவே கைடிடம் போகும் முன் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள்: இடம் காலியாக இருக்கிறதா, அவர் எந்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவரிடமே கேட்கக் கூச்சமாக இருந்தால் அவருடைய மாணவர்களிடம் கேளுங்கள். அவர்களிடம் மூன்றாவதாக ஒன்றும் கேளுங்கள்: "சார் கையெழுத்துப் போட எத்தனை நாள் எடுத்துப்பார்?" உங்கள் மாதாந்திரப் பணம் அந்தக் கையெழுத்தில் தொங்கப்போகிறது.

ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸை எழுதும்போது வரும் பொதுவான குறை, தலைப்பு அகலமாக இருப்பது. "தமிழ்நாட்டுப் பெண் தொழிலாளர்களின் நிலை" என்று எழுதினால் நேர்காணலில் அமர்ந்திருப்பவருக்கு எதைக் கேட்பதென்றே தெரியாது. அதையே திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டத்தின்கீழ் விடுதியில் தங்கி வேலைசெய்த பெண்கள், வேலையை விட்ட பிறகு படிப்பைத் தொடர்ந்தார்களா என்று குறுக்கிப் பாருங்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எங்கே போவீர்கள், என்ன கேட்பீர்கள் எல்லாம் தானாக வந்து நிற்கும். ஒருவேளை உங்கள் அக்காவோ சித்தியோ அந்த மில்லில் வேலை செய்தவராக இருக்கலாம். அதை மறைக்க வேண்டாம். பரிதாபத்துக்காகவும் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்கள் வெளியாளிடம் பேசாததை உங்களிடம் பேசுவார்கள் என்பது ஆய்வு முறைக்கான பலம்; ஆய்வு முறை என்ற தலைப்பின்கீழ் இரண்டு வரியில் அதை எழுதுங்கள். வீட்டின் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவரைவிட, அந்த வீடு தனக்குக் கற்றுத்தந்ததை ஆய்வுக் கருவியாக மாற்றுகிறவரை எந்தத் தேர்வுக் குழுவும் மதிக்கும்.

மாதா மாதம்

உதவித்தொகை கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் இனிப்புக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடக்கூடாது. சேர்ந்ததும் ஜாயினிங் ரிப்போர்ட் போக வேண்டும். கைடு, துறைத்தலைவர், பதிவாளர் மூவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அதை வைத்துத்தான் பல்கலைக்கழகம் உங்கள் பெயரை இணையதளத்தில் ஏற்றும். அதன்பின் மாதந்தோறும் இந்த ஸ்காலர் இந்த மாதம் இங்கே ஆய்வு செய்தார் என்று பல்கலைக்கழகம் உறுதிசெய்தால்தான் பணம் வரும்.

யு.ஜி.சி. உதவித்தொகைகளில் இதைச் செய்வது இருவர். மேக்கர் என்பவர் உங்கள் பெயருக்கு எதிரே குறியிட்டு ஏற்றுவார். செக்கர் என்பவர் அதைப் பார்த்து ஒப்புதல் தருவார். இருவருமே பல்கலைக்கழக ஊழியர்கள். வேறு ஆயிரம் வேலை உள்ளவர்கள். செக்கர் மருத்துவ விடுப்பில் போனால் அந்த மாதம் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் பணம் நிற்கும். மாத முதல் வாரத்திலேயே கைடு கையெழுத்திட்ட வருகைத் தாளைச் செக்‌ஷனில் கொடுத்துவிடுங்கள். பத்தாம் தேதிவாக்கில் ஒரு நடை போய் "கன்ஃபர்மேஷன் போட்டாச்சா சார்?" என்று கேளுங்கள். நச்சரிப்பதாக நினைப்பார்களே என்று தயங்க வேண்டாம். கேட்கிறவர் பெயர்தான் அங்கே ஞாபகம் இருக்கும். பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகளுக்கான பணப் பட்டுவாடா 2022 அக்டோபரிலிருந்து அந்தந்த நிதி மேம்பாட்டுக் கழகங்களுக்கு மாறிவிட்டது. எந்த இணையதளம், எந்தப் படிவம் என்பதை உங்களுக்கு முந்தைய வருட ஸ்காலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செக்‌ஷனுக்கே சில சமயம் தெரியாது.

வீட்டு வாடகைப்படியைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். விடுதியில் தங்காதவருக்கு ஊரைப் பொறுத்து மத்திய அரசு விகிதத்தில் இது உண்டு. சென்னை முதல் வகை, கோவை, மதுரை, திருச்சி இரண்டாம் வகை. விடுதியில் இடம் பெறவில்லை என்று வார்டனிடம் ஒரு கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். ஐந்து வருடத்தில் இது லட்சக்கணக்கில் வரும் தொகை; ஒரு தாளுக்காக விட்டுவிடக்கூடாது.

கன்டின்ஜென்சி என்னும் ஆய்வுச் செலவுத் தொகை கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 10,000 ரூபாய், பிறகு 20,500 ரூபாய். அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. புத்தகம், தட்டச்சு, களப்பயணம், வேதிப்பொருள் எல்லாம் இதில் வரும். மேசை நாற்காலி வராது. பில்லில் உங்கள் பெயர், தேதி, கடையின் முத்திரை இருக்க வேண்டும்; பின்பக்கம் கைடின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மார்ச் கடைசியில் ஒரு வருடத்துப் பில்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் பாதிப் பேரிடம் பஸ் டிக்கெட்டின் மை அழிந்துபோயிருக்கும். வாங்கியவுடன் நகலெடுத்து வையுங்கள்.

இரண்டு வருட முடிவில் எஸ்.ஆர்.எஃப். மதிப்பீடு வரும். அதற்கான குழுவை அமைப்பது பல்கலைக்கழகத்தின் வேலைதான். ஆனால் நினைவூட்டுவது உங்கள் வேலை. வெளி நிபுணர் வர வேண்டும், தேதி ஒத்துவர வேண்டும். மூன்று மாதம் முன்பே மனு கொடுங்கள். தாமதித்தால் மாதம் 5,000 ரூபாய் வித்தியாசம் அரியராக எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

உதவித்தொகை வாங்கிக்கொண்டே தனியார் கல்லூரியில் பாடம் எடுப்பது, இன்னொரு உதவித்தொகையைச் சேர்த்து வாங்குவது இரண்டுமே கூடாது. பிடிபட்டால் வாங்கியதெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டிவரும். அரசு வேலை கிடைத்தால் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

பணம் வராத மாதங்கள்

வராது. சில மாதம் வராது. சில திட்டங்களில் அரை வருடம்கூட வராமல் மொத்தமாக வந்திருக்கிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு திட்டமிட வேண்டும். முதல் தவணை பெரும்பாலும் அரியருடன் பெரிய தொகையாக வரும். அதிலிருந்து ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தங்கை கல்யாணம், வீட்டுக் கூரை எல்லாம் அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். தெரியும். ஆனாலும் வையுங்கள். மீட்டர் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டு ஆய்வு செய்ய முடியாது.

நின்றுபோனால் முதலில் தவறு எங்கே என்று பாருங்கள்: பல்கலைக்கழகம் உறுதிசெய்யவில்லையா, செய்தும் டெல்லியில் நிற்கிறதா, வங்கியில் திரும்பியதா. மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு. டெல்லியில் என்றால் மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் புகார் போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் சரியில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் கோப்பு இப்போது எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் பணம் தரவில்லை" என்று கேட்டால் விளக்கம்தான் வரும். கோப்பு எங்கே என்று கேட்டால் கோப்பு நகரும். ஒரே துறையில் நான்கு பேருக்கு நின்றிருந்தால் நால்வரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள்.

தாமதம் வேறு, தண்டனையாக நிறுத்துவது வேறு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் உயிரிழந்தபோது அவருக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை வந்திருக்கவில்லை. உங்கள் சாதியோ அரசியலோ காரணமாகக் கையெழுத்து மறுக்கப்படுகிறது என்று தோன்றினால் வாய்மொழியாகப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். 2012ஆம் ஆண்டு விதிகளிலேயே ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சம வாய்ப்பு மையம் இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. அங்கே எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தேசிய ஆணையங்களுக்கும் ஒரு பிரதி போகட்டும். தனியாகச் சுமக்காதீர்கள், விடுதி நண்பர்களிடமும் நம்பும் ஆசிரியரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்குத் தனியாக

ஆய்வுக் காலத்தில் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்க 2022 விதி இடம் தருகிறது. உதவித்தொகை விதிகளும் மகப்பேறு விடுப்பில் தொகையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் "கல்யாணமா? அப்போ ஆராய்ச்சி அவ்வளவுதான்" என்று சொல்லும் துறைகள் இன்னும் இருக்கின்றன. விடுப்பு மனுவை மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே கொடுத்து, ஒப்புதல் ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். ஆணையில்லாமல் போன நாட்கள் வராத நாட்களாகிவிடும். ஆய்வை முடிக்கவும் பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக 2 வருடம் உண்டு. அந்தக் கூடுதல் காலத்துக்கு உதவித்தொகை வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காலக்கணக்கு எல்லாருக்குமே முக்கியம். பட்டத்துக்கு 6 வருடம் வரை அனுமதி. பணம் 5 வருடம்தான். இந்தப் பிரச்சினை புதியதல்ல. பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டில், 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அம்பேத்கர். அடுத்து லண்டனில் ஆய்வைத் தொடங்கிய நிலையில் உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாயில் ஆசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து 1920இல் மீண்டும் லண்டன் போய், 1923இல்தான் டி.எஸ்ஸி. பட்டத்தை முடித்தார். 1917இல் லண்டனிலிருந்து கிளம்பும் முன்பே, நான்கு வருடத்துக்குள் திரும்பிவர அனுமதி வாங்கி வைத்திருந்தார். அந்த அனுமதிதான் பின்னால் கைகொடுத்தது. நீங்களும் நான்காம் வருடத்திலேயே அத்தியாயங்களை எழுதத் தொடங்கிவிடுங்கள். ஐந்தாம் வருடம் திருத்தத்துக்கே சரியாகிவிடும்.

கடல் தாண்டி

வெளிநாட்டில் ஆய்வு செய்ய மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. வயது 35க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், முதுகலையில் 60 சதவீதம். உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். எனவே வரிசை இங்கே தலைகீழ்: முதலில் பல்கலைக்கழகம், பிறகு பணம். 2022இல் இதில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்தப் பணம் கிடையாது. சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய் ஆய்வு செய்ய விரும்பும் தலித் மாணவருக்கு இதைவிட நேரடியாகக் கதவைச் சாத்த முடியாது. அத்தகையவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தைப் பார்க்கலாம். 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், லண்டன் சோயஸ் ஆகியவற்றில் வசதியற்ற இந்திய மாணவர்களுக்கு ஃபெலிக்ஸ் உதவித்தொகையும் இருக்கிறது. முதல் வகுப்பில் தேறியவர்களுக்கானது. சாதிச் சான்றிதழைவிட நிதிநிலையும் படிப்பும் அங்கே முக்கியம்.

பட்டம் வாங்கிய பிறகும் வேலை உடனே கிடைப்பதில்லை. யு.ஜி.சி.யின் டாக்டர் ராதாகிருஷ்ணன் முதுமுனைவர் உதவித்தொகையில் 900 இடங்கள், மாதம் 50,000 ரூபாய். 30 சதவீதம் பெண்களுக்கு. குடும்பத்துக்காக இடையில் விட்டுவிட்டுத் திரும்பிவரும் பெண் விஞ்ஞானிகளுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது. இவற்றுக்குக் கேட்பது வெளியான கட்டுரைகளை. ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தையாவது சமர்ப்பிக்கும் முன்பே நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்களின் பக்கம் போகாதீர்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அவற்றின் பெயர்கள் நன்றாகத் தெரியும்.

தொகைகளும் வயது வரம்பும் இடங்களின் எண்ணிக்கையும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிக்கையை முழுவதும் படியுங்கள். மத்திய அரசுப் படிவ ஓ.பி.சி. சான்றிதழோ பழங்குடிச் சான்றிதழோ உங்களிடம் இன்னும் இல்லை என்றால், அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் இ-சேவை மையத்துக்குப் போய் மனு போட்டுவிட்டு வாருங்கள்.